வல்லக்கோட்டைத் தூணும் மண்ணூர் அக்காவும்

வல்லக்கோட்டை
15.2.2004

என் பேத்தி அம்சவல்லிக்கு உன் ஆயா கிளியம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஜெர்மனிக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

முதலில் நம் பிள்ளைகள் சேதி. உன் தம்பி மணிகண்டபிரபு பாலிடெக்னிக்கில் குண்டு எறிந்து முதலாவதாக வந்தான். உன் அப்பன் அந்தக் கோப்பையைப் படப்பை வீட்டு டிவி மேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறான். உன் அத்தை பேத்தி கனிஷ்கா எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் தக்காளியாக நின்று பரிசு வாங்கினாள். கடைசி வரை அழாமல் நின்ற காய்கறி அவள் ஒருத்திதானாம். எல்லாருக்கும் மேலே நீ. நம் வம்சத்தில் விமானம் ஏறிய முதல் ஆள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறேன். இறங்குகிற வரைக்கும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

உன் ஆபீஸ் பகலவன் ஆட்களோடு வந்தான். தோட்டத்துப் பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி, என் தோள் உயரத்துக்குச் சிமெண்டுத் தூண் எழுப்பி, அதன் தலையில் வெள்ளைக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து வயர் வந்து சேருகிற பெட்டி அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. பச்சை விளக்கு மினுக்குகிறது. போன் வயரையும் அதிலேயே சொருகிவிட்டான். பிடுங்கக் கூடாதாம். அதனால் இனி உன் குரலை நான் எங்கே கேட்பது? கடிதம்தான். ஐந்தாங்கிளாஸ் எழுத்து, பொறுத்துக்கொள்.

மண்ணூர் அக்காவை, அதுதான் உன் பெரியாயாவை, பார்த்துவிட்டு வந்தேன். இடது கை மரத்துப்போகிறது என்கிறாள். வயசுதான், வேறொன்றும் இல்லை.

உன் ஆயா,
கிளியம்மாள்


ஜெர்மனி
4.3.2004

அன்புள்ள ஆயாவுக்கு அம்சா எழுதுவது. நலமாக இருக்கிறேன். உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா? தக்காளிக்கு என் முத்தம்.

பக்கத்துச் சீட்டுக்காரர்கள் கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன். வானத்தில் வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவை சரியான பாதையில் போகின்றனவா என்று தரையில் இருந்துகொண்டு கேட்க ஆள் வேண்டும். உலகம் முழுவதும் அப்படிப் பல நிலையங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டமாக வேலை செய்கின்றன. அந்தக் கூட்டத்தில் நம் தோட்டத்துத் தூணையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் வேலை. சில மாதம் நம் பெட்டி எடுத்து அனுப்பும் கணக்கைப் பரிசோதிப்பார்கள். சரியாக இருந்தால் உலகப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் ஏறும்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பச்சை விளக்கு மினுக்குகிறதா என்று பார். கரண்டு ரொம்ப நேரம் போனால், வந்ததும் ஸ்விட்சை அழுத்து. தூணுக்குப் பக்கத்தில் கொடி கட்டித் துணி காயப் போடாதே. கிண்ணத்துக்கு எப்போதும் வானம் தெரிய வேண்டும்.

பெரியாயாவை டாக்டரிடம் காட்டச் சொல்.

அன்புடன்,
அம்சா


வல்லக்கோட்டை
8.5.2004

அருமைப் பேத்திக்கு ஆயா எழுதுவது. வெயில் கொளுத்துகிறது. நீ சௌக்கியமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் பெட்டியை நான் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு ஒரு சேதி. சித்ரா பௌர்ணமி அன்றைக்குச் சந்திர கிரகணம் பிடித்தது. வீட்டில் ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை போட்டு மூடினேன். அப்புறம்தான் உன் கிண்ணம் ஞாபகம் வந்தது. ராத்திரி பூராவும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பொருள், அதை எப்படித் திறந்து போடுவது? கல்யாண அண்டாவை எடுத்துக்கொண்டு மாடி அறையில் குடியிருக்கிற பேச்சிராஜைக் கூப்பிட்டேன். தென்காசிப் பக்கத்துப் பையன், கண்ணாடிக் கம்பெனியில் வேலை.

"ஆச்சி, மேல சுத்துத சேட்டிலைட்டுக்குமா தீட்டு?" என்று சிரிக்கிறான்.

"சோத்துப் பானைய மூடறேன், இத மூடக்கூடாதா? கேள்வி கேக்காத, அந்தப் பக்கம் புடி."

"புடிச்சாச்சு. எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது, வெரசா கவுத்துங்க."

இரண்டு பேருமாகத் தூக்கிக் கவிழ்த்தோம். உள்ளே தர்ப்பையும் வைத்தேன். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து எடுத்தேன். கிண்ணம் ஒரு தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

அக்காவுக்கு இப்போது நடுவில் வார்த்தை தட்டுகிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பட்டியலில் எப்போது நம் ஊர் ஏறும் என்று அவளும் கேட்டாள்.

உன் ஆயா,
கிளியம்மாள்


ஜெர்மனி
19.5.2004

ஆயா,

நலம். உன் கடிதம் வந்தது.

அன்றைக்கு ராத்திரி கணக்கு முழுவதும் காணாமல் போனது ஏன் என்று ஆபீஸ் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். கருவி பழுது, விசாரிக்கிறேன் என்றேன். இப்போது அண்டாவைப் போட்டு மூடினார்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? வானம் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா?

ஆயா, இது சோற்றுப் பானை இல்லை. ஒரு நாள் விடுபட்டாலும் நம்மைச் சேர்க்க மாட்டார்கள். என் ஒரு வருஷ வேலை அந்தத் தூணில் நிற்கிறது. இனி யாரையும் கிட்டே விடாதே. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் ராத்தங்காதே. கரண்டு போய் வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்சா


வல்லக்கோட்டை
13.6.2004

பேத்தி அம்சவல்லிக்கு ஆயா எழுதுவது. நான் இருக்கிறேன். நீ நன்றாக இரு.

உனக்குத் தலைகுனிவு வரும்படி செய்துவிட்டேன். தெரியாமல் செய்ததுதான், இருந்தாலும் செய்தது செய்ததுதானே. அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள்கூட விளக்கு அணையவில்லை. கரண்டு இங்கே நினைத்தால் போகிறது. வந்ததும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். தூக்கம் துண்டு துண்டாகத்தான். அதனால் ஒன்றும் இல்லை, எனக்கென்ன ஷிப்டா?

தன் வீட்டில் வந்து பத்து நாள் இரு என்று அக்கா ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அவள் மருமகள் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் திரும்புகிறாள். பகல் பூராவும் அக்கா தனியாகக் கிடக்கிறாள். பெட்டி இருக்கிறது, தங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். காலை பஸ்ஸில் போய், அவளுக்குத் தலை வாரி, கஞ்சி கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் மாறி ஏற வேண்டும். அங்கே நிற்கத்தான் கால் கெஞ்சுகிறது.

இன்னொன்று. பக்கத்து நிலத்தை வாங்கியவர்கள் கம்பெனிச் சாமான் வைக்கக் குடோன் கட்டுகிறார்கள். இரும்புத் தூண்கள் தென்னை உயரத்துக்கு நிற்கின்றன. உன் கிண்ணத்துக்கு அதனால் தொந்தரவு உண்டா?

உன் ஆயா,
கிளியம்மாள்


ஜெர்மனி
28.6.2004

அன்புள்ள ஆயாவுக்கு அம்சா எழுதுவது. இங்கே நலம். முட்டி எப்படி இருக்கிறது?

அந்தக் குடோன் தூணுக்கு எந்தப் பக்கம்? எவ்வளவு கிட்டே? கூரைக்கு ஓடா, தகடா? தகடு என்றால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பி வரும். ஒரே குரல் எதிரொலியோடு இரண்டாகக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். எது நிஜக்குரல் என்று பெட்டிக்குத் தெரியாது. உடனே எழுது.

பெரியாயாவைக் கேட்டதாகச் சொல்.

அம்சா


வல்லக்கோட்டை
18.7.2004

பேத்திக்கு ஆயா எழுதுவது. ஆடி பிறந்துவிட்டது. காற்றில் குடோன் மண் எல்லாம் நம் வீட்டுக்குள்தான். உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

குடோன் தெற்குப் பக்கம். நம் வேலிக்கு அடுத்தது அவர்கள் சுவர்தான். கூரைக்குத் தகடுதான். பார்த்தால் கண் கூசுகிறது. நீ எழுதியதைப் படித்ததும் அங்கே நின்ற சூப்பர்வைசரிடம் போனேன்.

"ஏம்பா, இந்தக் கூரைய கொஞ்சம் தாழ்த்திப் போடக்கூடாதா?"

"இன்னா பாட்டி, காத்து வர்லியா?"

"காத்து கெடக்குது. எனக்கு சேட்டிலைட்டு வரணும்."

"டிவி டிஷ்ஷா? மாடியில ஏத்தி இந்தாண்ட திருப்பி வெச்சுக்கோ. சீரியலு நல்லா வரும்."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். என் பேத்தி ஜெர்மனியில் இருக்கிறாள் என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அக்காவைப் பார்த்தேன். நாக்கு குழறுகிறது, ஆனால் வாய் குறையவில்லை. "ஏண்டி கிளி, பகல்ல மொகத்த காட்டிட்டு ஓடறியே. ஒரு ராத்திரி தங்கேன். வூட்ல இன்னா, புருசனா காத்துக்கினு கீறான்?" என்றாள்.

"பெட்டி கீது அக்கா."

"பெட்டிக்கு நீ சோறா ஊட்டப் போற? உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்டி. பகல்ல சொல்ற பேச்சில்ல. படுத்துக்கினு சொல்றேன்."

இப்போதே சொல்லேன் என்றேன். அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்த மருமகள் காதில் விழும் என்று கையை ஆட்டிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஊர்ப் பெயர் ஏறிவிட்டால் ஒரு ராத்திரி என்ன, ஒரு மாதமே தங்குவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். எப்போது ஏறும் என்று ஒரு வரி எழுது.

உன் ஆயா,
கிளியம்மாள்


ஜெர்மனி
22.8.2004

அன்புள்ள ஆயாவுக்கு,

நலம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். இங்கே கோடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மழை பெய்துகொண்டே இருக்கிறது. ஒரு கடையில் நம் ஊர்ப் புளி கிடைத்தது. ரசம் வைத்தேன். நீ வைக்கிற மாதிரி வரவில்லை.

மணி வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாக அப்பா போனில் சொன்னார். கிடைத்துவிடும்.

பெட்டியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே ஆயா. முடிந்தபோது பார்த்தால் போதும். பெரியாயா வீட்டுக்குப் போவதானால் போய் வா.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அம்சா


வல்லக்கோட்டை
14.9.2004

பேத்தி அம்சவல்லிக்கு ஆயா எழுதுவது. உன் கடிதம் கண்டேன். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விட்டாயா?

நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அண்டா விஷயத்தில் உனக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது. ரொம்பக் கவலைப்படாதே என்று நீ எழுதியிருப்பதே எனக்குக் குத்துகிறது. இவளை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று நினைத்துவிட்டாயோ என்னவோ. நான் விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் நம் தெருக்கோடியில் இருந்தும், கூட்டத்தில் சிக்கிக்கொண்டால் கரண்டு வருகிற நேரத்துக்கு வீட்டுக்கு வர முடியாது என்று போகாமல் இருந்தேன்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் அப்பன் ஆட்டோ வைத்து என்னைக் கூட்டிப்போனான். அவளுக்கு நினைவு இருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு போய்விட்டது. ம், ம் என்று வருகிறதே தவிர வார்த்தை ஆகவில்லை. இனி வருவது கஷ்டம் என்றார் டாக்டர்.

அன்றைக்குச் சாயங்காலமே திரும்பிவிட்டேன். விளக்கு அணைந்திருந்தது, அழுத்தினேன், வந்துவிட்டது. உன் கணக்கில் பெரிசாக எதுவும் விடுபட்டிருக்காது.

உன் ஆயா,
கிளியம்மாள்


மண்ணூர்
17.10.2004

பேத்திக்கு ஆயா எழுதுவது. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை.

போன வாரம் பகலவன் ஆட்டோவில் வந்து இறங்கினான். பெட்டியைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்து மோர் கொடுத்தேன். அவன் வயரை எல்லாம் கழற்ற ஆரம்பித்தான்.

"ஐயோ, புடுங்காதப்பா, கணக்கு விட்டுப்போயிடும்" என்று ஓடினேன்.

"இனிமே இன்னா கணக்கு பாட்டி? இது வேற எடத்துக்குப் போவுது."

"ஏன், நம்ம ஊர சேத்துக்கலியா?"

"அது ஜூலை கடைசிலயே வேணாம்னுட்டாங்களே. குடோன் தகடு, சிக்னல் ரெண்டு ரெண்டா உயுதுன்னு. மேடம்தான் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும், நான் பேசிப் பாக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும் தெரியும் என்றேன். உன்னை அவன் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"அந்த அண்டா மூடினதாலயா?" என்று மட்டும் கேட்டேன்.

"எந்த அண்டா?" என்றான்.

மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மாடிப் பேச்சிராஜிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நாலு புடவையோடு இங்கே வந்துவிட்டேன். இப்போது அக்கா பக்கத்தில்தான் படுக்கிறேன். விளக்கை அணைத்ததும் என் கையைத் தேடிப் பிடித்து ம், ம் என்று ரொம்ப நேரம் சொல்கிறாள். படுத்துக்கொண்டு சொல்கிறேன் என்றாளே, அதைத்தான் சொல்கிறாள். நானும் சரி சரி என்கிறேன். எதற்குச் சரி சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிளியம்மாள்


ஜெர்மனி
29.10.2004

ஆயா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பெரியாயாவுக்குப் பேச்சு போய்விட்டது என்ற கடிதம் வந்த அன்றைக்கே, பெட்டியை எடுத்துவிடும்படி பகலவனுக்குச் சொன்னேன். நானே உனக்கு எழுதுவதாக அவனிடம் சொல்லிவிட்டு, எழுதாமல் இருந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஒரு நாள் விடுபட்டாலும் சேர்க்க மாட்டார்கள் என்று நான் மே மாதம் எழுதியது உண்மை இல்லை ஆயா. எல்லா நிலையத்திலும் விடுபடத்தான் செய்கிறது. கூட்டத்தில் பட்ட அவமானத்தை உன் மேல் கொட்டினேன். ஜூலையில் வேண்டாம் என்று பதில் வந்தபோது, இதைச் சொன்னால் உன் அண்டாவால்தான் என்று நீ சாகிற வரைக்கும் நினைப்பாய் என்று பயந்தேன். அடிவானத்தில் தாழ்வாகத் தெரியும் செயற்கைக்கோள்களை விட்டுவிட்டு, உச்சியில் இருப்பவற்றை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொண்டால் நல்ல சேதியாகவே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஒரு ராத்திரிக்காக நீ காத்திருந்தது எனக்குத் தெரியும். நீதான் எழுதியிருந்தாயே. போய் வா என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

வல்லக்கோட்டை வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். இப்போது மணி அடிக்கிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

என்னைத் திட்டியாவது எழுது.

அம்சா


மண்ணூர்
20.11.2004

பேத்தி அம்சவல்லிக்கு ஆயா கிளியம்மாள் எழுதுவது. இங்கே மழை. அக்கா படுக்கையை ஒழுகாத பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு.

திட்டச் சொல்கிறாய். திட்டுகிற தெம்பு இல்லை அம்சா. கோபம் இருந்தது. பத்து நாள் உன் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். நீ பயந்தது சரிதான், அண்டாவால்தான் என்று நினைத்திருப்பேன். நினைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்து படுத்திருப்பேன். ஆகஸ்டில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இதை ஒரு தடவை உனக்குச் சொல்லியாக வேண்டும், அதனால் சொல்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். அக்காவுக்கு இப்போது பிடித்தது போட்டோ ஆல்பம். ஒவ்வொருவராக விரலை வைத்து என்னைப் பார்ப்பாள். நான் பேரைச் சொன்னால் தலையை ஆட்டுவாள். மணிக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்ததைச் சொன்னேன். அவன் படத்தைத் தட்டிக்கொடுத்தாள். கனிஷ்காவின் தக்காளி வேஷப் படத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. உன் படம் பத்தாவது படிக்கும்போது எடுத்தது, இரட்டைச் சடையும் ரிப்பனுமாக. அதில் விரலை வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். ஸ்கூல் விட்டு நீ இன்னும் வரவில்லை என்று நினைக்கிறாளோ என்னவோ. பெரிய பெண் ஆகிவிட்டாள், வேலைக்குப் போகிறாள் என்று சொன்னால் நம்பாமல் மறுபடியும் வாசலைப் பார்க்கிறாள்.

அதனால் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டாம், குல்லாயும் வேண்டாம். முகம் பெரிசாகத் தெரியட்டும். மண்ணூர் விலாசத்துக்கே அனுப்பு.

உன் ஆயா,
கிளியம்மாள்